படகு இயந்திரத்தை எத்தனை ஆர்.பி.எம்.மில் ஓட்டுவது?

இயந்திரப் படகு ஒன்றைப் புதிதாக வாங்கியவர், அதை எந்தச் சுழல்வேகத்தில் ஓட்டலாம் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் கிடைக்கும். கையேட்டில் 5,000 முதல் 6,000 வரை என்று ஓர் எல்லை அச்சிடப்பட்டிருக்கும். பழுது பார்ப்பவர் 3,000-ஐத் தாண்ட வேண்டாம் என்பார். அதே இயந்திரத்தை வேறொரு படகில் பொருத்தியிருப்பவர் 4,200-தான் சுகமான வேகம் என்பார். மூவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம். கையேடு தருவது முழுத் திறப்பில், அதாவது வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை முழுவதும் திறந்த நிலையில், இயந்திரம் எட்ட வேண்டிய எல்லை. பழுது பார்ப்பவர் தருவது தம்மிடம் வந்த இயந்திரங்களின் தேய்மானத்தைப் பார்த்து எழுந்த எச்சரிக்கை. நண்பர் தருவது அவருடைய படகின் அனுபவம். நீண்ட நேரம் ஓட்டுவதற்கு ஏற்ற சுழல்வேகம் என்பது இயந்திரத்தோடு கூடவே வாங்கி வரும் எண் இல்லை என்பதால்தான் இந்தக் குழப்பம் நேர்கிறது. படகின் அடிவடிவம், நீரைத் தள்ளிப் படகை நகர்த்தும் புரொப்பல்லர், சுமை, கடலின் நிலை ஆகியவை சேர்ந்துதான் அந்த எண்ணைத் தீர்மானிக்கின்றன. அதைப் படகை ஓட்டித்தான் கண்டறிய வேண்டும்.

ஆர்.பி.எம். எதைக் காட்டுகிறது

டேக்கோமீட்டர் காட்டும் ஆர்.பி.எம். என்பது இயந்திரத்தின் கிராங்க் தண்டு ஒரு நிமிடத்தில் சுற்றும் சுற்றுகளின் எண்ணிக்கை. புரொப்பல்லர் இதே வேகத்தில் சுற்றுவதில்லை. இடையில் உள்ள கியர் அதைக் குறைக்கிறது. மெர்க்குரி நிறுவனத்தின் 150 குதிரைத்திறன் நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டை, அதாவது படகின் பின்புறத்தில் வெளியே மாட்டும் இயந்திரத்தை, எடுத்துக்கொண்டால், அதன் கியர் விகிதம் 1.92-க்கு 1. ஆகவே இயந்திரம் 4,000 சுற்றும்போது புரொப்பல்லர் ஏறத்தாழ 2,083 முறைதான் சுற்றுகிறது.

அடுத்துக் கவனிக்க வேண்டியது பிட்ச். மரத்தில் திருகாணி இறங்குவதைப் போல, புரொப்பல்லர் நழுவாமல் ஒரு சுற்று சுற்றினால் எத்தனை அங்குலம் முன்னேறும் என்பதே பிட்ச். 17 அங்குலப் பிட்ச் உள்ள புரொப்பல்லர் நிமிடத்துக்கு 2,083 சுற்றுச் சுற்றினால், கணக்கின்படி படகு 29 நாட் வேகத்தில் போக வேண்டும். நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். ஆனால் நீர் மரத்தைப் போல இறுகியதன்று என்பதால் உண்மையில் 26 நாட் அளவே கிடைக்கும். இந்த இழப்பை நழுவல் என்கிறோம். நழுவல் 10 விழுக்காட்டை ஒட்டி இருந்தால் வேகமாகச் செல்லும் படகில் அது இயல்பானது. 30, 40 விழுக்காட்டுக்கு ஏறினால், படகு இன்னும் நீரை உழுதுகொண்டிருக்கிறது, எரிபொருளின் பெரும்பகுதி அலை எழுப்புவதில் செலவாகிறது என்று கொள்ளலாம்.

இதனால் ஒரே 4,000 ஆர்.பி.எம். ஒரு படகில் நிதானமான ஓட்டமாகவும் வேறொரு படகில் பெருஞ்சுமையாகவும் இருக்க முடியும். காரில் கியரை மாற்றிச் சுமையைக் குறைக்கலாம். சமதளத்தில் வண்டி தன் வேகத்தாலேயே சற்று உருளும். படகில் முன்னோக்கிச் செல்ல ஒரே கியர்தான் உண்டு, உருளுதலும் இல்லை. கார் ஓட்டிய பழக்கத்தை வைத்துப் படகு இயந்திரத்தின் எண்ணை மதிப்பிடுவது பெரும்பாலும் தவறாகவே முடிகிறது.

அடிவடிவம் விதிக்கும் எல்லை

நீரை விலக்கிக்கொண்டே செல்லும் படகுகளுக்கு ஓர் இயற்கையான வேக எல்லை உண்டு. படகு நகரும்போது முன்புறம் ஓர் அலையும் பின்புறம் ஓர் அலையும் எழுகின்றன. வேகம் கூடக்கூட அந்த அலையின் நீளமும் கூடுகிறது. அலையின் நீளம் படகின் நீளத்துக்குச் சமமாகும்போது படகு தானே எழுப்பிய பள்ளத்தில் சிக்கிக்கொள்கிறது. அதற்குமேல் த்ராட்டிலைத் திறந்தால் பின்பகுதி இறங்கும், முன்முனையான அணியம் தூக்கும், புகை வரும். வேகம் மட்டும் கூடாது. இந்த எல்லையைக் கணக்கிட எளிய வாய்பாடு உண்டு: நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் வேகம் கிடைக்கும். 25 அடிக்கு அது 6.7 நாட், 36 அடிக்கு ஏறத்தாழ 8 நாட்.

தமிழகக் கடற்கரையில் சிறிய அவுட்போர்டுகளோடு வலையும் ஐஸும் ஏற்றிச் செல்லும் நீண்ட ஃபைபர் படகுகளுக்கு இந்த விதி நேரடியாகப் பொருந்தும். உடல் குறுகியும் இலேசாகவும் இருந்தால் எல்லையைச் சற்று மீறலாமே தவிர, 10 குதிரைத்திறனுக்கும் குறைந்த இயந்திரம் சுமை ஏற்றிய படகை நீர்மேல் எழுப்பாது. அத்தகைய படகில் த்ராட்டிலின் கடைசிக் கால் பங்கு எரிபொருளைக் குடிக்கிறது, பயணத்தை விரைவுபடுத்துவதில்லை.

உல்லாசப் படகுகளிலும் ரோந்துப் படகுகளிலும் பெரும்பாலானவை சறுக்கி ஓடும் வகையைச் சேர்ந்தவை. போதிய வேகம் வந்ததும் அடிப்பாகத்தின்மேல் நீர் செலுத்தும் அழுத்தம் படகைத் தூக்கிவிடுகிறது. நனையும் பரப்பு குறைந்து படகு நீர்மேல் சறுக்குகிறது. ஆனால் அந்த நிலைக்கு ஏறுவதற்கு முன் ஒரு மேடு உண்டு. அந்த மேட்டில் அணியம் உயர்ந்து முன்னால் இருப்பதை மறைக்கும், பெரிய அலை பின்தொடரும், ஒரு கடல் மைலுக்கு ஆகும் எரிபொருள் மிக அதிகமாக இருக்கும். சறுக்குப் படகை வாங்கியவர்கள் இயந்திரத்துக்கு ஓய்வு தருவதாக எண்ணி இந்த இடைப்பட்ட வேகத்திலேயே மணிக்கணக்கில் ஓட்டுவதை நான் மிகுந்த வருத்தத்தோடு குறிப்பிட வேண்டியிருக்கிறது. இயந்திரம் அதிகம் உழைக்கும் இடமும் படகு குறைவாகப் பலன் தரும் இடமும் அதுதான்.

இவை இரண்டுக்கும் இடைப்பட்ட அரைச்சறுக்கு வகைப் படகுகளும் உள்ளன. அவற்றில் மேடு அவ்வளவு தெளிவாகத் தெரியாது. வேகம் கூடக்கூடச் செலவும் சீராக ஏறிக்கொண்டே போகும்.

சுழல்வேகமும் ஆற்றலும்: கன விதி

புரொப்பல்லரைச் சுழற்றத் தேவைப்படும் ஆற்றல், சுழல்வேகத்தின் ஏறத்தாழ மூன்றாம் அடுக்கைப் பொறுத்து மாறுகிறது. உச்சச் சுழல்வேகத்தில் 90 விழுக்காட்டில் ஓடும்போது புரொப்பல்லர் கேட்பது முழு ஆற்றலில் 73 விழுக்காடு. 80 விழுக்காட்டில் அது 51 ஆகக் குறைகிறது. 70 விழுக்காட்டில் 34 மட்டுமே. சறுக்குப் படகுகளில் இந்த அடுக்கு சற்றுக் குறைவு என்பதால், 80 விழுக்காட்டில் 55 முதல் 57 வரை எனக் கொள்ளலாம்.

இந்தக் கணக்கின் பலனை நீரை விலக்கிச் செல்லும் படகில் தெளிவாகக் காணலாம். 12 கடல் மைல் தூரத்தை 7 நாட்டில் கடக்க 1 மணி 43 நிமிடம் ஆகும். 6 நாட்டில் சென்றால் 2 மணி நேரம். 17 நிமிடம் கூடுகிறது. ஆனால் மணிக்குச் செலவாகும் ஆற்றல் 63 விழுக்காடாக இறங்குவதால், மொத்த எரிபொருளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிஞ்சுகிறது. நாள்தோறும் கடலுக்குச் செல்லும் ஒருவருக்கு இது சிறிய தொகை இல்லை.

உச்சத்தில் 80 விழுக்காட்டில் ஓட்டு என்று பரவலாகச் சொல்லப்படும் அறிவுரை இந்த விதியிலிருந்துதான் பிறந்தது. தொடக்கப் புள்ளியாக அது நல்லது. ஆனால் அதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: உச்சம் என்பது சரியான உச்சமாக இருக்க வேண்டும்.

முதலில் முழுத் திறப்புச் சோதனை

ஒவ்வோர் அவுட்போர்டுக்கும் முழுத் திறப்பில் எட்ட வேண்டிய ஓர் எல்லையைத் தயாரிப்பாளர் தருகிறார். மேலே குறிப்பிட்ட மெர்க்குரி 150-க்கு அது 5,000 முதல் 5,800 வரை. அதைச் சோதிக்கும் முறை:

1. வழக்கமாக ஏறும் ஆட்கள், எரிபொருள், சாமான்கள் ஆகியவற்றோடு படகை அமைதியான நீருக்குக் கொண்டு செல்ல வேண்டும். வெறும் படகில் செய்த சோதனை பயன்படாது.
2. இயந்திரம் சூடேறிய பின் த்ராட்டிலை முழுவதும் திறந்து, ட்ரிம்மை, அதாவது இயந்திரத்தின் சாய்வை, வேகம் மிகும் இடத்தில் நிறுத்தி எண்ணைக் குறிக்க வேண்டும். ஒரு நிமிடத்துக்குமேல் இதற்குத் தேவையில்லை.
3. எண் எல்லையின் மேற்பாதிக்குள் விழுந்தால் புரொப்பல்லர் பொருத்தமானது.
4. எல்லையை எட்டவில்லை என்றால் பிட்ச் அதிகம், அல்லது சுமை அதிகம், அல்லது அடிப்பாகத்தில் பாசியும் கொட்டலசும் படிந்திருக்கின்றன. பிட்சை ஓர் அங்குலம் குறைத்தால் சுழல்வேகம் 150 முதல் 200 வரை ஏறும்.
5. எல்லையைத் தாண்டினால் பிட்ச் குறைவு. ஓர் அங்குலம் கூட்ட வேண்டும்.

நான்காவது நிலை மற்றவற்றைவிட ஆபத்தானது. அதை வெளியிலிருந்து எளிதில் காணவும் முடியாது. முழுத் திறப்பில் 4,600 மட்டுமே எட்டும் இயந்திரத்தை உரிமையாளர் 3,700-இல் ஓட்டிக்கொண்டு, எண் குறைவாக இருப்பதால் இயந்திரம் சுகமாக இருக்கிறது என்று நம்புவார். உண்மையில், மேட்டில் உயர்ந்த கியரில் ஏறும் லாரியைப் போல அது ஒவ்வொரு சுற்றிலும் கூடுதல் சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கும். சிலிண்டருக்குள் அழுத்தமும் வெப்பமும் கூடும். பிஸ்டனும் பேரிங்கும் அதன் விலையைக் கொடுக்கும். குறைந்த ஆர்.பி.எம். என்றால் குறைந்த தேய்மானம் என்ற நம்பிக்கை, புரொப்பல்லர் சரியாக இருக்கும்போது மட்டுமே உண்மை.

டீசலில் இந்தத் தவறு இன்னும் ஆழமாக மறைகிறது. கேட்ட சுழல்வேகத்தைத் தக்கவைக்க, சுமை கூடக்கூடக் கவர்னர் தானாகவே எரிபொருளைக் கூட்டிக்கொண்டே போகும். ஓட்டுபவருக்கு எண்ணில் எந்த மாற்றமும் தெரியாது. ஆகவே டீசல் இயந்திரம் முழுச் சுமையில் தன் குறிப்பிட்ட உச்சத்தை எட்டுகிறதா, இயன்றால் அதைச் சற்றே மீறுகிறதா என்பதை ஆண்டுக்கு ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும்.

டீசலுக்குப் பணித்தரம் உண்டு

ஒரே டீசல் இயந்திரம் வெவ்வேறு பணிகளுக்காக வெவ்வேறு ஆற்றலில் விற்கப்படுகிறது. கம்மின்ஸ் நிறுவனத்தின் ஹை அவுட்புட் தரத்தில் முழு ஆற்றலை 8 மணி நேரத்துக்கு 1 மணி நேரம் மட்டுமே பயன்படுத்தலாம். மற்ற நேரத்தில் உச்சத்தைவிடக் குறைந்தது 200 ஆர்.பி.எம். கீழே ஓட்ட வேண்டும். மீடியம் கன்டினியூயஸ் தரத்தில் 12 மணி நேரத்துக்கு 6 மணி நேரம் முழு ஆற்றல் தரலாம். பழைய படகை வாங்குபவர் குதிரைத்திறனை மட்டும் கேட்டுவிட்டுத் தரத்தைக் கேட்காமல் விடுவது பெருந்தவறு. உல்லாசப் பயன்பாட்டுக்கென்று மதிப்பிடப்பட்ட இயந்திரத்தைத் தொழிலுக்கு நாள் முழுவதும் ஓட்டினால், 200 குறைத்தாலும் அது போதாது.

உங்கள் படகின் சொந்த அட்டவணை

அடிவடிவம், புரொப்பல்லர், தரம் ஆகியவை தெளிவான பிறகு, சரியான எண்ணைக் கண்டறிய ஒரு காலைப்பொழுது போதும். 1,000-இல் தொடங்கி 500, 500 ஆகக் கூட்டி, ஒவ்வொரு நிலையிலும் வேகத்தையும் மணிக்குச் செலவாகும் லிட்டரையும் குறிக்க வேண்டும். நீரோட்டம் கணக்கைக் குலைக்கும் என்பதால் ஒவ்வொரு நிலையிலும் எதிரெதிர்த் திசைகளில் ஓட்டி, ஜி.பி.எஸ். காட்டும் இரண்டு வேகங்களின் சராசரியை எடுக்க வேண்டும். எரிபொருள் ஓட்டமானி இல்லாதவர்கள், குறித்த நேரம் ஒரே நிலையில் ஓட்டிவிட்டு, கரையில் இயந்திரத்தை அணைத்த பின் அளவுக்குவளையால் மீண்டும் நிரப்பி அளக்கலாம்.

கணக்கு எப்படி அமையும் என்பதைக் காட்ட, 150 குதிரைத்திறன் அவுட்போர்டு பூட்டிய ஒரு சறுக்குப் படகுக்கு நான் எடுத்துக்கொண்ட மாதிரி எண்கள் இவை:

1. 1,000 ஆர்.பி.எம்.: 4.5 நாட், மணிக்கு 4 லிட்டர், லிட்டருக்கு 1.1 கடல் மைல்.
2. 2,000: 7 நாட், 11 லிட்டர், 0.64.
3. 2,500: 9.5 நாட், 17 லிட்டர், 0.56.
4. 3,000: 17 நாட், 20 லிட்டர், 0.85.
5. 3,500: 22 நாட், 24 லிட்டர், 0.92.
6. 4,000: 26 நாட், 30 லிட்டர், 0.87.
7. 4,500: 30 நாட், 38 லிட்டர், 0.79.
8. 5,600: 38 நாட், 57 லிட்டர், 0.67.

மூன்றாவது நிலையிலிருந்து நான்காவது நிலைக்குச் செல்லும்போது என்ன நிகழ்கிறது என்று பாருங்கள். மணிக்கு 3 லிட்டர் மட்டுமே கூடுகிறது, வேகமோ 7.5 நாட் கூடுகிறது. படகு மேட்டைக் கடந்து சறுக்கத் தொடங்கிவிட்டது என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன. சறுக்கும் நிலைகளில் 3,500 சிக்கனமானது. இருந்தும் நான் பரிந்துரைப்பது 3,500 முதல் 4,000 வரையிலான ஓர் இடைவெளியைத்தான். 3,000-ஐ ஒட்டிய விளிம்பை அன்று. விளிம்பில் ஓட்டும் படகை ஒவ்வோர் அலையும் சற்றே மெதுவாக்கும். அது சறுக்கலை இழந்து இறங்கும், ஓட்டுபவர் மீண்டும் த்ராட்டிலைத் திறப்பார், மீண்டும் மேட்டில் ஏற வேண்டும். கணக்கில் கிடைத்த சிக்கனம் கடலில் கரைந்துவிடும். சறுக்கலைத் தக்கவைக்கும் மிகக் குறைந்த சுழல்வேகத்தைவிட 300 முதல் 500 வரை மேலே இருப்பது ஓட்டுபவரின் கைக்கும் மனத்துக்கும் ஓய்வு தரும்.

சுகம் என்பதும் அளக்கக்கூடியதே

அட்டவணை ஓர் இடைவெளியைத் தரும். அதற்குள் எந்த எண் என்பதைக் காதும் காலும் சொல்லும். ஒவ்வொரு படகிலும் சில சுழல்வேகங்களில் தரைப்பலகையோ கண்ணாடிச் சட்டமோ கைப்பிடியோ அதிரத் தொடங்கும். இயந்திரத்தின் துடிப்பும் அந்தப் பகுதியின் இயல்பான அதிர்வெண்ணும் ஒன்றுவதால் எழும் ஒத்ததிர்வு இது. 100 அல்லது 150 ஆர்.பி.எம். நகர்த்தினாலே பல நேரங்களில் மறைந்துவிடும். இரண்டு இயந்திரங்கள் பூட்டிய படகில் இரண்டின் சுழல்வேகமும் சிறிதளவு மாறுபட்டால், ஏறி இறங்கும் ஒரு முனகல் கேட்கும். இரண்டையும் ஒத்திசைத்தால் அது அடங்கும். நாலைந்து மணி நேரப் பயணத்தில் இந்த ஒலிகள் தரும் களைப்பு ஓட்டுபவரின் கவனத்தையே குறைக்கிறது என்பதால், இதை ஆடம்பரமாகக் கருதக் கூடாது.

கடல் கரடானால் எண்ணும் மாற வேண்டும். எதிரலையில் அணியத்தைத் தாழ்த்தும்படி ட்ரிம்மை உள்ளிழுத்தால், குறைந்த வேகத்திலும் சறுக்கல் நிலைக்கும். அலையின் அடியும் மென்மையாக விழும். பின்னலையில் அதே ட்ரிம் அணியத்தை நீருக்குள் குத்தச் செய்யும்; அப்போது வெளித்தள்ள வேண்டும். அடி விழும்போது உடன் வருபவர்கள் இருக்கையைப் பற்றிக்கொள்ள நேர்ந்தால் வேகம் அதிகம்; அட்டவணை என்ன சொன்னாலும் குறைக்க வேண்டும்.

மிகவும் மெதுவாக ஓட்டுவதும் தீங்கே

தூண்டில் இழுக்கும்போதோ ஆற்று முகத்திலோ மணிக்கணக்கில் குறைந்த சுமையில் ஓட்ட நேரலாம். டீசல் போதிய வெப்பத்தை எட்டாவிட்டால் எரிபொருள் முழுமையாக எரியாமல் கரி படியும். கார்புரேட்டர் உள்ள இரண்டு ஸ்ட்ரோக்கில் ஸ்பார்க் பிளக் எண்ணெய்ப் பிசுக்கேறும். நாளின் முடிவில் சில நிமிடங்கள் வழக்கமான பயணச் சுமையில் ஓட்டிவிட்டுக் கரைக்கு வருவது இதற்குப் போதுமான மருந்து. புதிய இயந்திரமானால், முதல் 10 மணி நேரம் எந்த ஓர் எண்ணிலும் நீண்ட நேரம் நிறுத்தாமல் மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும்.

எரிபொருள் இருப்போடு பொருத்திப் பார்த்தல்

தேர்ந்தெடுத்த எண் பாதுகாப்பானதா என்பதை எரிபொருள் கணக்கில்தான் உறுதிசெய்ய முடியும். போக மூன்றில் ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு என்பது பல நாடுகளிலும் படகோட்டிகள் கடைப்பிடிக்கும் விதி. 120 லிட்டர் தொட்டியோடு மேலே சொன்ன படகு 4,000 ஆர்.பி.எம்.மில் புறப்பட்டால், 40 லிட்டரில் ஏறத்தாழ 35 கடல் மைல் போகும். திரும்பும்போது காற்று எதிர்த்து, சறுக்க முடியாமல் 2,500-இல் ஊர்ந்து வர நேர்ந்தால், அதே தூரத்துக்கு 62 லிட்டர் வேண்டும். மீதம் 80 லிட்டர் இருப்பதால் கரை சேரலாம்.

பாதி போக, பாதி வர என்று கணக்கிட்டவர் 60 லிட்டரில் 52 கடல் மைல் சென்றிருப்பார். அதே காற்றில் அவர் திரும்ப 93 லிட்டர் தேவை. கையில் இருப்பது 60. கரைக்கு 18 கடல் மைல் இருக்கும்போது தொட்டி வறண்டுவிடும். 1,000 ஆர்.பி.எம்.முக்கு இறக்கினால் எரிபொருள் போதும் என்று அட்டவணை காட்டலாம். ஆனால் 4.5 நாட்டில் 52 கடல் மைல் என்பது பதினொன்றரை மணி நேரம். அத்தனை மெதுவான வேகத்தில், எதிரலையில் படகின் முகத்தைத் திசையில் நிறுத்தும் வலுக்கூட இயந்திரத்துக்கு இல்லாமல் போகலாம். ஆகவே அட்டவணையைத் தயாரிக்கும்போது சுகமான எண்ணோடு நிறுத்திவிடாமல், சறுக்கல் இழந்த நிலையில் லிட்டருக்கு எத்தனை கடல் மைல் என்பதையும் அளந்து, அதை டேக்கோமீட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்க வேண்டும். புரொப்பல்லரை மாற்றினாலோ, வழக்கமான சுமை கூடினாலோ, அடிப்பாகத்தில் பாசி ஏறினாலோ அந்த எண்களை மீண்டும் அளந்து எழுத வேண்டும்.